ரேடியேட்டருக்குக் காப்பு வலை: ஜல்லியை நிறுத்த வேண்டும், காற்றை நிறுத்தக் கூடாது

பள்ளிகொண்டாவிலிருந்து ராணிப்பேட்டை சிப்காட்டுக்கு 200 சிசி பைக்கில் நாள்தோறும் வேலைக்குச் சென்றுவரும் அன்பர் ஒருவர் கேட்கிறார்: எஞ்சின் சூட்டை வெளியேற்றும் ரேடியேட்டரின் முகப்பில் சின்னச் சின்னப் பள்ளங்கள் விழுந்து ஃபின்கள் மடங்கியிருக்கின்றன, உதிரிபாகக் கடையில் தொங்கும் கார்டை (ரேடியேட்டருக்கு முன்னால் மாட்டும் காப்பு) வாங்கி மாட்டுவதா, வலை வாங்கித் தாமே செய்துகொள்வதா, எதைச் செய்தாலும் வேலூர் வெயிலில் எஞ்சின் சூடேறிவிடாதா, வீட்டில் மிச்சமிருக்கும் ஜன்னல் கொசுவலையை வெட்டிக் கட்டினால் போதாதா. வாங்குவதா செய்வதா என்பதை இரண்டாவதாக வைத்துக்கொள்வோம். எந்த அளவுக் கல்லை நிறுத்த வேண்டும், அதற்காக எவ்வளவு காற்றை விட்டுக்கொடுக்கலாம் என்பது முதலில் தெளிவானால், கடையில் இருப்பது சரியா, பட்டறையில் செய்வது சரியா என்பதை அவரே ஓர் அளவுகோலை வைத்து அளந்து முடிவுசெய்துகொள்ள முடியும்.

ரேடியேட்டரின் முகப்பில் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் ஃபின்கள்தான். அலுமினியத் தாளை அலையலையாக மடித்து, தட்டையான குழாய்களுக்கு இடையே வைத்து ஒட்டியிருப்பார்கள். எஞ்சின் சூட்டைச் சுமந்துவரும் திரவமான கூலண்ட் ஓடுவது அந்தத் தட்டைக் குழாய்களுக்குள். ஃபின்களுக்குள் எதுவும் ஓடுவதில்லை. ஆகவே ஃபின் மடங்குவதும் குழாய் ஓட்டையாவதும் முற்றிலும் வேறான இரண்டு சேதங்கள். நான்கைந்து இடங்களில் ஃபின் மடங்கினால் அந்த இடங்களில் காற்று நுழையாது, அவ்வளவே. மெல்லிய மூங்கில் குச்சியையோ பிளாஸ்டிக் துண்டையோ வைத்துப் பொறுமையாக நிமிர்த்திவிடலாம். குழாயின் சுவரோ அரை மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன் கொண்டது. கூர்மையான கல் ஒன்று அதன் விளிம்பில் சரியாக விழுந்தால், அழுத்தத்தில் இருக்கும் கூலண்ட் பீய்ச்சி அடித்து, சில கிலோமீட்டருக்குள் வண்டி வறண்டுவிடும். அன்பர் குறிப்பிடும் பள்ளங்கள் முதல் வகையைச் சேர்ந்தவை. காப்பு வலை எதற்கு என்றால் இரண்டாவது வகைக்கு. முகப்பு புதிதுபோல் பளபளவென்று இருக்க வேண்டும் என்ற ஆசையில் வலையைத் தேர்ந்தெடுப்பவர்கள் மிகச் சிறிய கண் உள்ள வலையை வாங்கி, காற்றைத் தொலைத்துவிடுகிறார்கள்.

நம் சாலையில் பறப்பது என்ன கல்? பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைக் கடந்து சென்னைப் பக்கமாக வரும் 48ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர்களுக்குப் பின்னால் போகாமல் ஒரு நாளும் கழியாது. தார்ப்பாய் சரியாகக் கட்டாத லாரியிலிருந்து உதிர்வதும், ஏற்கெனவே சாலையோரம் உதிர்ந்து கிடப்பதை முன்னால் செல்லும் சக்கரங்கள் கிளப்பிவிடுவதும்தான் பெரும்பங்கு. வீடு கட்டியவர்களுக்கு இந்த ஜல்லியின் அளவுகள் மனப்பாடம்: முக்கால் ஜல்லி 20 மில்லிமீட்டர், அரை ஜல்லி 12 மில்லிமீட்டர், சிப்ஸ் என்று சொல்லப்படும் கால் ஜல்லி 6 மில்லிமீட்டர். கருங்கல்லின் அடர்த்தியை வைத்துக் கணக்கிட்டால், உருண்டையான முக்கால் ஜல்லி ஒன்று ஏறக்குறைய 11 கிராம் இருக்கும். அரை ஜல்லி இரண்டரை கிராமுக்குச் சற்றுக் குறைவு. சிப்ஸ் ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. விட்டம் மூன்று மடங்கு கூடினால் எடை மூன்று மடங்கு அல்ல, இருபத்தேழு மடங்கு கூடுகிறது என்பதால், விட்டத்தில் மூன்று மடங்குக்குச் சற்று மேலான முக்கால் ஜல்லியின் எடை சிப்ஸைப் போல முப்பத்தேழு மடங்காகிவிடுகிறது. ஒரே வேகத்தில் மோதினால் அடியின் ஆற்றலும் அதே விகிதத்தில்தான். குழாயை உடைக்கும் ஆற்றல் முக்கால் ஜல்லிக்கு உண்டு, அரை ஜல்லிக்கும் ஓரளவு உண்டு. சிப்ஸ் ஃபினை மடக்குவதோடு பெரும்பாலும் நின்றுவிடும். எனவே 12 மில்லிமீட்டர் கல் நுழைய முடியாத கண் இருந்தால் போதுமானது. 6 மில்லிமீட்டர் கல்லையும் தடுத்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டியதில்லை.

வேகத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சாலையில் துள்ளி அந்தரத்தில் நிற்பதுபோல் இருக்கும் கல்லின் மீது நாம்தான் போய் மோதுகிறோம். மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும்போது 11 கிராம் கல் தரும் அடி ஏறக்குறைய 2.7 ஜூல், 40 கிலோமீட்டரில் அதே கல்லின் அடி அதில் கால்பங்கு மட்டுமே. டிப்பருக்குப் பின்னால் வேகத்தைக் குறைத்து இடைவெளி விடுவது எந்த உலோக வலையையும்விடச் சிறந்த காப்பு, செலவும் இல்லை. ஆனால் ஷிப்ட் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டியவரிடம் இதைச் சொல்லிப் பயனில்லை என்பதும் தெரிந்ததே.

இனி வெயில். ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பம், கூலண்டின் வெப்பநிலைக்கும் வெளிக்காற்றின் வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. கூலண்ட் 95 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மார்கழிப் பகலில் காற்று 25 டிகிரி என்றால் வித்தியாசம் 70. கத்திரி வெயிலில் வேலூரில் நிழலிலேயே 42 டிகிரி அடிக்கும் நண்பகலில் அந்த வித்தியாசம் 53 ஆகச் சுருங்கிவிடுகிறது. அதாவது எந்த வலையும் மாட்டாமலேயே, அதே ரேடியேட்டர், அதே காற்றோட்டத்தில், தன் திறனில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கை இழந்துவிட்ட நிலையில்தான் வேலை செய்கிறது. தார்ச்சாலையை ஒட்டிய காற்று நிழல் அளவைவிடச் சூடாக இருப்பது தனி. வண்டியை வடிவமைப்பவர்கள் இந்திய வெயிலுக்கு இடம் விட்டுத்தான் வடிவமைக்கிறார்கள் என்பதால் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் விட்டுவைத்த அந்த இடத்தின் பெரும்பகுதியை நம் ஊர்ச் சித்திரையும் வைகாசியும் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிடுகின்றன. குளிரான ஊரில் ஒருவர் நெருக்கமான வலையை மாட்டி ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னால், அது அவருடைய ஊருக்குப் பொருந்தும்.

நெடுஞ்சாலையில் 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடும்போது காற்று தாராளமாகக் கிடைப்பதால் எந்த வலையானாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. சோதனை வருவது கிரீன் சர்க்கிளிலும், மாலை நேரத்துக் காட்பாடி ரயில்வே மேம்பாலத்திலும். அங்கே வண்டி நகர்வதில்லை. ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் சின்ன மின்விசிறி இழுக்கும் காற்றே கதி. அந்த விசிறி பலம் குறைந்தது. அதன் முன்னால் நாம் வைக்கும் ஒவ்வொரு தடையும் அப்போதுதான் உறைக்கும்.

வலையில் எவ்வளவு திறந்த இடம் இருக்கிறது என்பதைக் கணக்கிடுவது எளிது. சதுரக் கண் வலை என்றால், கண்ணின் அகலத்தைக் கண்ணும் கம்பியும் சேர்ந்த அகலத்தால் வகுத்து, கிடைத்ததை அதனாலேயே பெருக்க வேண்டும். 8 மில்லிமீட்டர் கண்ணும் 1 மில்லிமீட்டர் கம்பியும் என்றால் ஒன்பதில் எட்டு; அதன் வர்க்கம் 79 சதவீதம். 5 மில்லிமீட்டர் கண்ணும் அதே கம்பியும் என்றால் 69 சதவீதம். தகட்டில் 10 மில்லிமீட்டர் அறுகோணத் துளைகளை 2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு வெட்டியிருந்தால் அதுவும் 69 சதவீதமே. ஆனால் வட்டத் துளை போட்ட தகட்டில் கணக்கு தலைகீழாகிவிடும்: 5 மில்லிமீட்டர் துளைகளை 8 மில்லிமீட்டருக்கு ஒன்றாக வரிசை மாற்றி வரிசையாகப் போட்டிருந்தால் திறந்த இடம் 35 சதவீதம் மட்டுமே. பார்வைக்கு ஓட்டை நிறைந்ததாகத் தெரியும் அந்தத் தகடு மூன்றில் இரண்டு பங்கு சுவர். ஸ்பீக்கருக்கு முன்னால் வைக்கும் தகடு, ஆர்.ஓ. இயந்திரத்தின் பின்பக்கத் தகடு போன்றவற்றை வெட்டி மாட்டியிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது காப்பு அல்ல, போர்வை. என் அளவில் வேலூர் மாதிரியான ஊருக்கு ஏறக்குறைய 70 சதவீதத்துக்குக் கீழே போவது கூடாது. 75க்கு மேல் கிடைத்தால் மிக நன்று.

கொசுவலையைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அதன் கண்ணையும் இழையையும் அளந்து மேற்சொன்ன கணக்கைப் போட்டால் 65 சதவீதத்துக்கு மேல்கூட வரலாம். அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரே அளவு திறப்பு இருந்தாலும், மிகச் சிறிய கண்கள் வழியே காற்று புகுவது பெரிய கண்கள் வழியே புகுவதைவிடக் கடினம். அதைவிட முக்கியமானது அடைப்பு. ஐப்பசி, கார்த்திகை மாலைகளில் காவேரிப்பாக்கம் ஏரிக்கரை மாதிரியான இடத்தை ஒருமுறை கடந்தால் போதும். ஈசலும் பூச்சியும் அப்பி, மேலே சேறும் தெறித்துக் காய்ந்தால், கொசுவலை ஏறக்குறைய முழுச் சுவராகிவிடும். நைலான் வலையாக இருந்தால் சூட்டில் தொய்ந்து ஃபினோடு ஒட்டிக்கொள்ளும் வேலையும் சேரும். அலுமினியக் கொசுவலையோ முக்கால் ஜல்லிக்குக் கிழிந்துவிடும். தடுக்க வேண்டியதைத் தடுக்காமல், விட வேண்டியதை விடாமல் இருப்பதால் அதை ஒரேயடியாக விட்டுவிடலாம்.

கடையில் கிடைக்கும் கார்டுகளில் மூன்று வகை பரவலாகக் கண்ணில் படுகின்றன. இரும்புத் தகட்டில் துளை அடித்து, கறுப்பு பவுடர் கோட்டிங் கொடுத்து, நடுவில் வண்டியின் பெயரையோ ஒரு மண்டையோட்டையோ பெரிதாக வெட்டியிருப்பது முதல் வகை. விலை மலிவு, வண்டிக்கென்றே அளவெடுத்துச் செய்தது, மாட்டுவது எளிது. ஆனால் அந்தப் பெயர்ப்பலகை அமர்ந்திருப்பது பெரும்பாலும் விசிறிக்கு நேர் எதிரே. காற்று அதிகம் தேவைப்படும் இடத்தையே அது மூடுகிறது. பெயர் எழுத வேண்டுமென்றால் டேங்கில் எழுதிக்கொள்ளலாம். இரண்டாவது வகை, அலுமினியத்தையோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையோ லேசரில் அறுகோணமாகவோ நீளப் பட்டைகளாகவோ வெட்டியது; பட்டை 2 மில்லிமீட்டருக்குள்ளும் துளை 10 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் இருந்தால் இது நல்ல பொருள். மூன்றாவது, சட்டத்துக்குள் கம்பி வலையைப் பொருத்தியது; திறந்த இடம் மிக அதிகம், ஆனால் சட்டத்தின் வெல்டிங் சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். எதை வாங்கினாலும் ஓர் அளவுகோலைக் கையோடு கொண்டுபோய்த் துளையையும் இடைவெளியையும் அளந்து அங்கேயே கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். ஸ்டெயின்லெஸ் என்று சொல்லி விற்பதில் காந்தம் நன்றாக இறுக்கிப் பிடித்தால், அது 304 ரகமாக இருக்க வாய்ப்பு குறைவு.

வண்டிக்கென்றே செய்த கார்டில் ஒரு பெரிய வசதி இருக்கிறது: அது ரேடியேட்டரின் சொந்த போல்ட் துளைகளிலேயே உட்காரும். வண்டி வாரண்டியில் இருந்தால் எதையும் துளையிடாமல், வெல்டு வைக்காமல் மாட்டக்கூடியதை மட்டுமே வாங்க வேண்டும். உங்கள் வண்டிக்குக் கம்பெனியின் துணைப்பொருள் பட்டியலிலேயே கார்டு இருந்தால், விலை கூடுதலானாலும் முதலில் அதைப் பாருங்கள்.

தாமே செய்துகொள்வதிலும் தவறில்லை. ஒழுங்காகச் செய்தால் கடைப்பொருளைவிடச் சிறப்பாகவே வரும். ராணிப்பேட்டையில் வேலை செய்பவருக்குத் தகடும் வலையும் தெரிந்த கைகள் கிடைப்பது கடினமல்ல. வாங்க வேண்டியது 8 மில்லிமீட்டர் அளவில் கண்ணும் 1 மில்லிமீட்டர் அளவில் கம்பியும் உள்ள, ஒவ்வொரு சந்திப்பிலும் வெல்டு வைத்த ஸ்டெயின்லெஸ் வலை. பின்னப்பட்ட வலையில் அடிபட்டால் கம்பிகள் விலகிக் கண் பெரிதாகிவிடும். வெல்டு வலை அப்படி விலகாது. கோழிக்கூண்டுக்குப் போடும் ஜி.ஐ. வலை மலிவாகக் கிடைக்கும், திறந்த இடமும் தாராளம். ஆனால் அதன் கம்பி மெல்லியது, கல் விழுந்த இடத்தில் உள்வாங்கிக் குழிந்துவிடும், வெட்டிய முனைகள் ஒரே மழைக்காலத்தில் துருவேறும். மணல் சலிக்கும் சல்லடை வலையைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். அதன் கண் 5 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் வேண்டாம்.

முதலில் தடித்த அட்டையில் ரேடியேட்டரின் முகப்பு அளவை வெட்டி, வண்டியிலேயே வைத்துப் பார்க்க வேண்டும். ரேடியேட்டரின் மூடி அமைந்திருக்கும் பக்கம், ஹோஸ் திரும்பும் பக்கம், பக்கவாட்டு பிளாஸ்டிக் உறைகளின் விளிம்பு ஆகியவற்றுக்கு இடம் விட்டு அட்டை சரியாக உட்கார்ந்த பிறகே உலோகத்தைத் தொட வேண்டும். நாற்புறமும் 10 மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டி, அந்த விளிம்பைப் பின்புறமாக மடித்துவிட்டால் வலைக்கு விறைப்பு வந்துவிடும்; வெட்டிய கம்பி முனைகள் கையைக் கிழிப்பதும் நிற்கும். மடித்த விளிம்பில் கார் கதவுக்குப் போடும் ரப்பர் பீடிங்கைச் செருகிவிடலாம். அதிர்வுச் சத்தம் குறையும். அலுமினிய ரேடியேட்டரும் ஸ்டீல் வலையும் நேரடியாகத் தொட்டுக்கொள்ளாமலும் இருக்கும். அலுமினியமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் ஈரத்தில் தொட்டுக்கொண்டே இருந்தால் அரிக்கப்படுவது எப்போதும் அலுமினியம்தான். போல்ட் இருக்கும் இடங்களிலும் நைலான் வாஷரோ ரப்பர் வாஷரோ கட்டாயம்.

வலைக்கும் ஃபினுக்கும் இடையே குறைந்தது 8 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். வீட்டில் செய்த வலைகள் பெரும்பாலும் தோற்றுப்போவது இந்த இடத்தில்தான். ஃபினோடு ஒட்டி வைத்த வலை, அதிர்வில் நாளெல்லாம் அரைத்து அரைத்து, கல் செய்யாத சேதத்தைத் தானே செய்துவிடும். கல் விழும்போது வலை உள்வாங்குவதற்கும் இடம் வேண்டும். இல்லையென்றால் கல்லின் அடியை வலையே கொண்டுபோய்க் குழாயில் சேர்த்துவிடும். ரேடியேட்டர் அகலமாக இருந்தால் வலையின் நடுவில் குறுக்காக ஒரு லேசான மடிப்புக் கொடுப்பது உள்வாங்குவதை வெகுவாகக் குறைக்கும்.

ஜிப் டை போட்டுக் கட்டுவது இன்று பரவலாகிவிட்டது. ஃபின்களுக்கு நடுவே ஊசிபோல் நுழைத்துப் பின்பக்கம் இறுக்குவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அது நுழையும்போதே ஃபினைக் கிழிக்கிறது. பிறகு குழாயின் மேல் உரசிக்கொண்டே கிடக்கிறது. சாதாரண நைலான் டைகள் ஏறக்குறைய 85 டிகிரி வரை தாங்கும்படி செய்யப்பட்டவை. ரேடியேட்டரோ அதற்கு மேலே நாள் முழுதும் இருக்கிறது. ஒரு நாள் டை அறுந்து வலை முன்சக்கரத்தின் மேல் விழுந்தால் என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ரேடியேட்டரைத் தாங்கும் போல்ட்டுகளிலேயே, சற்று நீளமான போல்ட்டும் நடுவில் ஒரு சிறு குழாய்த்துண்டும் வைத்துப் பொருத்துவதே சரி. அந்தப் போல்ட்டுகள் ரப்பர் புஷ்களின் வழியே போவதைக் கவனியுங்கள். ரேடியேட்டர் சற்றே ஆடும்படி அப்படி வைத்திருக்கிறார்கள். அந்த ரப்பரை நசுக்கி, சட்டகத்தோடு இறுகக் கட்டிவிட்டால் அதிர்வெல்லாம் ரேடியேட்டரின் மூலைகளில் இறங்கி அங்கே விரிசல் விடும்.

மாட்டிய பிறகு, ஓட்டுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. இதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் பயனில்லை. பிரேக்கை அழுத்திப் பிடிக்கும்போதும் வேகத்தடையில் இறங்கும்போதும் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் முழுதாக அமுங்கி, சக்கரமும் மட்கார்டின் பின்முனையும் ரேடியேட்டரை நோக்கி ஏறி வருகின்றன. நின்றிருக்கும் வண்டியில் கையளவு இடைவெளி தெரிந்தாலும், முழுதாக அமுங்கிய நிலையில் அது விரல் அளவாகச் சுருங்கலாம். நம் வலையோ முன்பக்கம் 10 மில்லிமீட்டருக்கு மேல் இடத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது. இரண்டு பேர் ஹேண்டில்பாரின் மேல் முழு எடையையும் போட்டு அமுக்க, மூன்றாமவர் கீழே உட்கார்ந்து பார்க்கட்டும். கையால் அமுக்கினால் முழுதாகப் போகாது என்பதால், அப்போது மிஞ்சும் இடைவெளி தாராளமாக இருந்தால் மட்டுமே நம்பலாம். ஹேண்டிலை இருபுறமும் முழுதாகத் திருப்பி, கேபிள் எதுவும் வலையில் சிக்குகிறதா என்றும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் வலையைக் கழற்றிவிடுங்கள். ஓட்டை விழுந்த ரேடியேட்டர் பணத்தோடு போகும். சிக்கிக்கொண்ட முன்சக்கரம் அப்படிப் போகாது.

வலையைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், அதைவிட முதலில் நான் வாங்கச் சொல்வது முன் மட்கார்டின் கீழ்முனையில் பொருத்தும் நீட்டிப்புத் துண்டு. ரேடியேட்டரின் கீழ்ப்பாதியில் விழும் கல்லும் சேறும் பெரும்பாலும் முன்னால் போகும் லாரியிடமிருந்து வருவதில்லை. நம் முன்சக்கரமே டயர்ப் பள்ளத்தில் கவ்வி எடுத்துப் பின்னோக்கி மேலே வீசுவது. இன்றைய பைக்குகளில் அழகுக்காக மட்கார்டைக் குட்டையாக வைத்திருப்பதால் அது வீசுவதெல்லாம் நேராக ரேடியேட்டரின் அடிப்பகுதிக்கும் எஞ்சினுக்கும் போகிறது. ரப்பரிலோ பிளாஸ்டிக்கிலோ ஒரு சாண் நீளத்துக்குத் துண்டு ஒன்றை, சாலையில் உரசாத உயரத்தில் பொருத்தினால், காற்றை ஒரு துளியும் தடுக்காமல் அந்தப் பாதிச் சிக்கல் தீரும். உங்கள் பள்ளங்கள் ரேடியேட்டரின் மேல்பாதியில் இருக்கின்றனவா கீழ்பாதியில் இருக்கின்றனவா என்பதை முதலில் உற்றுப் பாருங்கள். கீழ்பாதி என்றால் மட்கார்டுத் துண்டு மட்டுமே போதும். மேல்பாதி என்றால்தான் வலைக்கு வேலை.

வேலூருக்குள்ளேயே சத்துவாச்சாரிக்கும் பாகாயத்துக்கும் ஓடும் வண்டிக்கு வலை தேவையில்லை என்பது என் எண்ணம். அங்கே கல்லைவிட நெரிசல்தான் எதிரி. ஆலங்காயம், காவலூர் வழியாக ஜமுனாமரத்தூருக்கு விடுமுறைதோறும் ஏறுபவர்கள், குவாரி இருக்கும் கிராமச் சாலைகளில் ஓடுபவர்கள், வாலாஜாவைத் தாண்டிச் சென்னைப் பக்கம் ஆண்டுக்கணக்கில் நடந்த ஆறுவழிச் சாலைப் பணியின் ஊடே போய்வந்தவர்கள் ஆகியோருக்கு அது நியாயமான செலவு. நாள்தோறும் டிப்பர்களுக்குப் பின்னால் போகும் அன்பரின் வழித்தடமும் இந்தப் பட்டியலில்தான் சேரும்.

வலை காற்றைத் தடுக்கிறதா என்பதை ஊகிக்க வேண்டாம், அளந்தே பார்க்கலாம். மீட்டரில் தெரியும் கோடுகளை நம்பிப் பயனில்லை. அவற்றில் பல, நடுவில் ஒரு பரந்த எல்லைக்குள் வெப்பம் ஏறி இறங்கினாலும் அசையாமல் நிற்கும்படி அமைக்கப்பட்டவை. விசிறி பொய் சொல்லாது. வலை மாட்டுவதற்கு முன் ஒரு பிற்பகலில் வண்டியை நன்றாக ஓட்டிச் சூடேற்றி, திறந்தவெளியில் நிழலில் நிறுத்தி, எஞ்சினை ஐடிலில் விட்டு, விசிறி எத்தனை விநாடி ஓடுகிறது, நின்ற பின் எத்தனை விநாடியில் மீண்டும் கிளம்புகிறது என்று சில சுற்றுகள் குறித்துக்கொள்ளுங்கள். வலை மாட்டிய பின், ஏறக்குறைய அதே வெயில் உள்ள நாளில், அதே இடத்தில் மீண்டும் குறியுங்கள். ஓடும் நேரம் சற்றே கூடினால் கவலையில்லை. அரை நிமிடம் ஓடி நின்ற விசிறி இப்போது ஒரு நிமிடம் ஓடுகிறது என்றாலோ, நிற்கவே மறுக்கிறது என்றாலோ, அந்த வலை உங்கள் வண்டிக்கு ஆகாது. இந்தச் சோதனையைப் பங்குனிக்குப் பிறகு செய்வதே அர்த்தமுள்ளது. மார்கழியில் தேறிய வலை சித்திரையில் தோற்கலாம்.

மாட்டிய வலையை அப்படியே மறந்துவிடுவதும் தவறு. வலைக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் நுழையும் கரும்புச் சோகை, காய்ந்த சேறு, பூச்சிகள் எல்லாம் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கும். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை, கோடை தொடங்கும் முன் ஒருமுறை என வலையைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். அதனால்தான் போல்ட்டில் கழன்றுவரும்படி பொருத்தச் சொன்னேன். வீட்டுக் குழாயின் மெதுவான நீரைப் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக விடுவதே போதும். வாட்டர் சர்வீஸில் கொடுத்தால், ரேடியேட்டர் பக்கம் துப்பாக்கியைக் காட்டாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த அழுத்த நீர் சாய்வாகப் பட்டால் வரிசை வரிசையாக ஃபின்களை மடக்கிவிடும். அன்பரின் வண்டியில் மடங்கியிருக்கும் ஃபின்கள் புள்ளி புள்ளியாக இல்லாமல் பட்டை பட்டையாக இருந்தால், குற்றவாளி ஜல்லி அல்ல, நீர்த்துப்பாக்கிதான்.

ஹிமாலயன் 411, இன்டர்செப்டர் 650 போன்ற வண்டிகளில் முன்னால் இருப்பது ரேடியேட்டர் அல்ல, ஆயில் கூலர். அளவில் சிறியது, ஆனால் அதில் ஓட்டை விழுந்தால் எஞ்சின் ஆயிலே வெளியேறி, பின்சக்கரத்தின் மேலும் தெறிக்கும் என்பதால் ஆபத்து கூடுதல். மேலே சொன்ன அளவுகள் அனைத்தும் அதற்கும் பொருந்தும்.

இத்தனைக்குப் பிறகும் வழியில் கல்பட்டு ஒழுகத் தொடங்கினால் என்ன செய்வது என்பதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மூடி சரியாக இருக்கும்போது அழுத்தத்தின் காரணமாக 125 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கும் சரிபாதிக் கூலண்ட் கலவை, ஓட்டை விழுந்து அழுத்தம் போன மறுகணமே 107 டிகிரியை ஒட்டிக் கொதிக்கத் தொடங்கிவிடும். சூடேறும் எச்சரிக்கை விளக்கு வந்தால் உடனே ஓரம் கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். கூலண்ட் முழுதும் போய்விட்டால், சென்சார் திரவத்தில் மூழ்காமல் வெறும் ஆவியில் நிற்பதால், மீட்டர் குறைவாகக்கூடக் காட்டும். அதை நம்பி ஓட்டினால் எஞ்சினின் மேற்பகுதியான ஹெட் வளைந்துவிடும். பின்சக்கரத்தில் கூலண்ட் பட்டிருந்தால் வழுக்கும் என்பதால் துடைத்துவிட வேண்டும். ரேடியேட்டர் கையால் தொடும் அளவுக்கு ஆறும்வரை மூடியைத் திறக்கவே கூடாது. ஆறிய பின், ஒழுக்கு மெல்லியதாக இருந்தால், தண்ணீர் ஊற்றி, அடுத்த ஊர் வரை மெதுவாக, சில கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்திப் பார்த்துப் போகலாம். இந்த வண்டிகளில் மொத்தமே சுமார் ஒரு லிட்டர்தான் என்பதால் கையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தாலே சமாளிக்கலாம். ஒழுக்கை அடைக்க மஞ்சள் தூள் கொட்டுவது லாரிக்காரர்களின் பழைய கைவைத்தியம்; பெரிய ரேடியேட்டரில் அது ஒருவேளை பலிக்கலாம், பைக்கின் மெல்லிய குழாய்களில் ஓட்டையோடு நல்ல குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடும். பட்டறையில் ஆர்கான் வெல்டிங் செய்பவர் ஓரத்துத் தொட்டியில் விழுந்த ஓட்டையை அடைத்துத் தருவார். நடுவில் உள்ள தட்டைக் குழாய் என்றால் அந்த ஒரு குழாயை இருமுனையிலும் அடைத்து விட்டுவிடுவதே வழக்கம், ஒரு குழாய் போனால் வண்டி ஓடும். பழுது பார்த்த பிறகு வழியில் ஊற்றிய தண்ணீரை முழுதாக வடித்துவிட்டு, வண்டியின் கையேட்டில் சொல்லியிருக்கும் கூலண்டை நிரப்பி, காற்றுக்குமிழி போகும்வரை மூடியைத் திறந்து வைத்து எஞ்சினை ஓடவிட்டு, மட்டம் இறங்கினால் மறுபடி நிரப்பிய பிறகே மூடியை இறுக்க வேண்டும். வடித்த பழைய கூலண்டைச் சாக்கடையிலோ தெருவிலோ கொட்டாதீர்கள். இனிப்புச் சுவை உள்ள நஞ்சு அது, தெருநாய்கள் நக்கிவிடும்.